குலுவுக்குப் போங்கள் அம்மா, ஜனவரியில் வேண்டாம்

தென்மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 63. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு 67, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இளவயதில் இருவரும் ஒடிசா மலைக் கிராமங்களில் 11 ஆண்டு ஊழியம் செய்திருக்கிறார்கள். இப்போது வட உகாண்டாவில், குலு நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு சபைப் பள்ளியில் இரண்டு ஆண்டு பணிபுரிய அழைப்பு வந்திருக்கிறது. ஜனவரி கடைசியில் புறப்பட எண்ணம்.

கணவருக்கு 16 ஆண்டாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினோடு, காலையில் 22 யூனிட், இரவில் 14 யூனிட் கலப்பு இன்சுலின். கடைசி மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.9. பிரஷருக்கு டெல்மிசார்டன். வாசகிக்கு முழங்கால் தேய்மானம், தைராய்டு, தினம் ஒரு கால்சியம் மாத்திரை. தாயார் இறந்தபின் ஓராண்டு மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டிருக்கிறார்.

அவர் கேட்பவை: மின்சாரம் நிலையில்லாத ஊரில் இன்சுலினை எப்படி வைப்பது? ஒடிசாவில் மலேரியாவுக்குப் போட்ட குளோரோகுயின் அங்கேயும் போதுமா? வயதானவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆபத்து என்கிறார்களே, விலக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாமா? சாம்பாருக்குப் பருப்பு கிடைக்குமா? கடைசியாக, "இந்த வயசில் அங்கே போய்ப் படுத்துக்கொண்டால் யார் பார்ப்பது" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

அம்மா, போகவே கூடாது என்று சொல்லும் அளவுக்கு உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஜனவரியில் போகாதீர்கள். 8.9 என்ற அளவோடு, இன்சுலின் முறையை மாற்றவேண்டிய கட்டாயத்தோடு, புது நாட்டில் இறங்குவது தவறு. உகாண்டாவில் பள்ளியின் முதல் பருவம் பிப்ரவரியில் தொடங்கும், இரண்டாவது மே மாதக் கடைசியில். இரண்டாம் பருவத்துக்கு வருகிறோம் என்று அங்குள்ள சபைக்கு எழுதுங்கள். அந்த நான்கு மாதத்தில் ஒரு ஹெச்பிஏ1சி சுற்று முழுதாக முடிந்துவிடும். 7.5லிருந்து 8க்குள் வந்தால் அவர் வயதுக்குப் போதும். அதற்கும் கீழே இறக்க முயன்று தாழ்சர்க்கரையை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எபோலாவையும் பாம்பையும் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களைப் பாதியில் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அவையல்ல. ஆறாத கால் புண், மாத்திரை தீர்ந்துபோன பிரஷர், இருட்டில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து ஒடிந்த இடுப்பு, மோட்டார் சைக்கிள் விபத்து ஆகியவைதான். ஆகவே இந்தப் பதிலில் சாதாரண விஷயங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

இன்சுலின்: குளிரைவிட முக்கியமானது கோடு

நீங்கள் குளிர்பெட்டியைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து சிரிஞ்சில் இருக்கிறது. நம் ஊரில் கலப்பு இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. உகாண்டாவில் கிடைக்கும் குப்பி மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கொண்டுபோன குப்பி தீர்ந்து அங்கே ஒன்று வாங்கி, கையிலிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 22 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 55 யூனிட். இரண்டரை மடங்கு. இரவு நேரமானால் காலையில் அவர் எழுந்திருக்காமலே போகலாம். மாறாக, நம் ஊர் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 9 யூனிட்கூடப் போகாது, சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். முப்பது ஆண்டு ஊசி போட்ட கைக்குத்தான் இந்தத் தவறு எளிதில் நேரும், ஏனென்றால் அந்தக் கை கோட்டை மட்டுமே பார்த்துப் பழகியது.

அதனால் இப்போதே அவரை இன்சுலின் பேனாவுக்கு, அதாவது பேனா வடிவ ஊசிக்கு, மாற்றச் சொல்லுங்கள். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் இங்கும் அங்கும் மில்லிக்கு 100 யூனிட்தான். எண்ணைத் திருப்பி வைத்து அழுத்தினால் போதும். அவருடைய 36 யூனிட்டோடு, ஒவ்வொரு முறையும் ஊசியைச் சோதிக்க வெளியே தள்ளும் 2 யூனிட்டையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 40. ஒரு கார்ட்ரிட்ஜ் ஏழரை நாள் வரும். மூன்று மாதத்துக்கு 12. உடைந்தது, கெட்டது என்று மூன்று கூடுதலாக, 15 எடுத்துப் போங்கள். எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். விமானத்தின் சரக்கு அறையில் உறைந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது.

திறக்காத கார்ட்ரிட்ஜுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பள்ளியில் குளிர்பெட்டி இல்லையென்றால், பக்கத்துச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கென்று ஒரு பெட்டி இருக்கும். அதில் இடம் கேளுங்கள். பயன்பாட்டில் உள்ளது நிழலில் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். அதற்கு நம் பானையே போதும். ஒரு பெரிய மண்பானை, அதற்குள் சிறியது, இடையில் மணல். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் விட்டு, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். குலு பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட வெயில். அப்போது பானை நன்றாகக் குளிரும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்து பானை சரியாகக் குளிராது. ஆனால் அப்போது வெயிலும் அவ்வளவு இராது. பானைக்குள் ஒரு சிறிய தெர்மாமீட்டர் போட்டு வையுங்கள், ஊகிக்க வேண்டாம். கலப்பு மருந்தை உருட்டியபிறகும் கட்டியோ, கண்ணாடியில் பனிபோல் படிவோ தெரிந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

பரிசோதனைச் சீட்டிலும் கவனம் தேவை. அங்கே பல ஆய்வகங்கள் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் எழுதும். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு. 10 என்றால் 180. 3.9 என்றால் 70, உடனே சர்க்கரை கொடுக்க வேண்டிய நிலை. சீட்டில் 11 என்று பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள், அது 198.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்த நாளில் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் நிறுத்திவையுங்கள். உடம்பில் நீர் வற்றும்போது அவை சிறுநீரகத்துக்குச் சுமை. சாப்பிடத் தொடங்கி ஓரிரு நாள் கழித்துத் திரும்ப ஆரம்பிக்கலாம். இன்சுலினை மட்டும் முழுதாக நிறுத்தாதீர்கள். நான்கு மணிக்கொரு முறை சர்க்கரை பார்த்து, எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு மகிழ்ச்சியான செய்தி உண்டு. குலு பக்கத்து அச்சோலி மக்கள் துவரையை விளைவித்துச் சாப்பிடுகிறவர்கள். 'லபேனா' என்று கேளுங்கள். கேழ்வரகு ஆப்பிரிக்க உயர்நிலத்திலிருந்துதான் நமக்கு வந்தது, அங்கே அது அன்றாடக் களி. எள்ளும் நிலக்கடலையும் தாராளம். ஐயாவுக்கு அளவு பார்க்க வேண்டியது மரவள்ளிக்கிழங்கையும் வெள்ளை மக்காச்சோளக் களியையும்தான். விருந்தாளிக்கு அதைத்தான் தட்டு நிறைய வைப்பார்கள்.

மலேரியா: ஒடிசா அனுபவம் அங்கே உதவாது

உங்கள் கடிதத்தில் இரண்டு நம்பிக்கைகள் தவறு. ஒன்று குளோரோகுயின். ஆப்பிரிக்காவில் பரவும் ஃபால்சிபாரம் வகை மலேரியாவுக்கு அது பல காலமாகவே பயனற்றது. மற்றொன்று, "எங்களுக்குப் பழகிய காய்ச்சல்தான்" என்பது. திரும்பத் திரும்பக் கடிபட்டால் கிடைக்கும் அரைகுறை எதிர்ப்புச் சக்தி, கடி நின்ற சில ஆண்டுகளில் போய்விடும். ஒடிசாவை விட்டு வந்தபின் நீங்களும் புதியவர்கள்தான்.

தடுப்பு மாத்திரையில் மூன்று வழி உண்டு. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும், புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பியபின் நான்கு வாரம் வரை. விலை குறைவு. வெயிலில் தோல் கருகும், வெறும் வயிற்றில் போட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். மெஃப்லோகுயின் வாரம் ஒன்று. வசதியானது, ஆனால் மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அது கூடாது. உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அட்டோவாகுவோன்-புரோகுவானில் தினமும் ஒன்று, திரும்பியபின் ஏழு நாள் போதும். தொந்தரவு குறைவு, விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் இராது. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு ஆகாது. இருவருக்கும் டாக்ஸிசைக்ளினில் தொடங்கலாம் என்பது என் கருத்து. ஐயாவுக்கு நெஞ்செரிச்சல் இருந்தால், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனை பார்த்துவிட்டு மூன்றாவதற்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருவருக்கு 760 மாத்திரை ஆகும். முதல் மூன்று மாதத்துக்கு இங்கிருந்து கொண்டுபோய், மீதியைக் கம்பாலாவில் வாங்கலாம். இந்தியத் தயாரிப்பு மருந்துகள் அங்கே தாராளமாகக் கிடைக்கும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் வேண்டாம், மூலப்பெயர் இருக்கட்டும்.

உங்கள் கால்சியம், தைராய்டு மாத்திரையோடும் டாக்ஸிசைக்ளினோடும் மோதும். எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவுச் சாப்பாட்டின் நடுவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு டாக்ஸிசைக்ளின். போட்டபின் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது.

தவறு நடப்பது எப்போது தெரியுமா? நான்காவது, ஐந்தாவது மாதத்தில். உள்ளூர்க்காரர்கள் யாரும் மாத்திரை போடுவதில்லை, நாமும் நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிடுவார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் சிறுவயதிலிருந்தே கடிபட்டு வளர்ந்தவர்கள், நமக்கு அது இல்லை. மாத்திரையோடு மருந்தூட்டிய கொசுவலையும் வேண்டும். அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். மாலை ஜெபக் கூட்டத்துக்கு முழுக்கை சட்டையும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வரலாம். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றே ரத்தப் பரிசோதனை. இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாள் மீண்டும் ஒன்று. ஐயாவுக்குக் காய்ச்சலோடு பேச்சுக் குழறினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். மலேரியாவும் சர்க்கரையை இறக்கும், அதற்கு ஏற்றும் குயினைனும் இறக்கும். ஊர் திரும்பி ஓராண்டு வரை எந்தக் காய்ச்சலுக்கும் "உகாண்டாவிலிருந்து வந்தோம்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

இது மஞ்சள் காமாலை அல்ல, கொசுவால் வரும் வேறு வைரஸ். 60 வயதுக்கு மேல் முதன்முறை போடுபவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். தடுப்பூசி வைரஸே உள்ளுறுப்புகளைத் தாக்கும் கடுமையான எதிர்விளைவு, அறுபதுகளில் இருப்பவர்களில் லட்சத்துக்குச் சுமார் ஒருவருக்கு வருகிறது. மறுபக்கத்தையும் பாருங்கள். 2010 இறுதியில் வட உகாண்டாவிலேயே இந்தக் காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. நோய் வந்தால் அதைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. விலக்குக் கடிதம் ஒரு வாரம் போய்வருபவருக்குப் பொருந்தும், இரண்டு ஆண்டு அங்கேயே வாழப்போகிறவரைக் காகிதம் காக்காது.

தைமஸ் சுரப்பி நோய், மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோய், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை, ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து ஆகியவற்றில் எதுவும் இல்லையென்றால் இருவரும் போட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே போடுங்கள். எதிர்விளைவு வந்தால் பெரும்பாலும் முதல் பத்து நாளில் தெரியும், அப்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போட வேண்டும். ஊசிக்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை பத்தாம் நாளிலிருந்து செல்லும், ஆயுளுக்கும் போதும். உகாண்டாவில் நுழைய மட்டுமல்ல, திரும்பி வரும்போதும் அது தேவை. இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

மற்ற ஊசிகளில் டைபாய்டு, டெட்டனஸ், நிமோனியா, இன்ஃபுளுயன்சா, மூளைக்காய்ச்சலுக்கான நால்வகை ஊசி ஆகியவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே இரண்டு ஊசி, முதல் ஊசிக்கு ஏழு நாள் கழித்து இரண்டாவது. பிறகு கடித்தால் இரண்டு ஊசி போதும், அங்கே கிடைப்பது அரிதான இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைத் தேடி அலைய வேண்டாம்.

கால், துணி, தண்ணீர், சாலை

ஐயா வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. அங்கே ஜிக்கர் என்ற மண்ணில் வாழும் பூச்சி உண்டு. தெள்ளுப்பூச்சி இனம். கால்விரல் நகத்தடியில் துளைத்து முட்டை நிறைக்கும். உள்ளூரில் ஊசியால் கிளறி எடுத்துவிடுவார்கள். சர்க்கரைக்காரரின் உணர்வு மங்கிய காலில் அந்தக் கிளறல்தான் புண்ணாகி விரலை எடுக்கும் வரை போகும். தினமும் இரவில் டார்ச் அடித்து விரலிடுக்கைப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சுகாதார நிலையத்தில் சுத்தமான ஊசியால் எடுக்கச் சொல்லுங்கள்.

வெளியே உலர்த்தும் ஈரத்துணியில் ஒரு வகை ஈ முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் போய்க் கட்டிபோல வீங்கும். உள்ளாடை, படுக்கை விரிப்பு உட்பட எல்லாவற்றுக்கும், தையல் ஓரம் விடாமல், சூடான இஸ்திரி போடுங்கள். கரிப் பெட்டி போதும்.

நைல் கரையில் ஞானஸ்நான ஆராதனை நடக்கும் என்று ஆசையோடு எழுதியிருக்கிறீர்கள். கரையில் நின்று பாடுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். நத்தையிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா புழு, கால் நனைத்த சில நிமிடங்களிலேயே தோலைத் துளைக்கும். இறங்கித்தான் ஆகவேண்டி வந்தால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதித்து, பிராசிகுவான்டெல் மாத்திரை சாப்பிடலாம்.

போடா-போடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளில் இருவரும் ஏறவே வேண்டாம். கம்பாலாவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். பகலில் போங்கள், இரவில் வேண்டாம்.

உங்களைப் பற்றிய மூன்று வரி

அம்மா, அவருடைய நோய்க்கு இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், உங்கள் உடம்புக்கு மூன்று வரிதான் தந்திருக்கிறீர்கள். "அவரை நான் பார்த்துக்கொள்வேன்" என்று நான்கு இடத்தில் இருக்கிறது. உங்களை யார் பார்ப்பது என்பது ஓரிடத்திலும் இல்லை. உங்கள் மருத்துவரை ஐயா இல்லாமல் தனியாக ஒருமுறை பாருங்கள். போக விருப்பமா என்று மருத்துவர் கேட்கட்டும், நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள். அங்கே ஆண்டு முழுதும் ஏழு மணிக்கு இருட்டிவிடும். மின்சாரம் இல்லாத நீண்ட மாலைகள், பேச அவர் ஒருவர் மட்டும். மனச்சோர்வு முன்பு வந்திருந்தால் அது திரும்ப எட்டிப்பார்க்கும் நேரம் இது. தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் கெட்டால் மறைக்காதீர்கள். நம் ஊர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே ஏழரை, தங்கையிடமோ தோழியிடமோ பேசச் சரியான நேரம்.

முழங்காலுக்கு, குழிக் கழிப்பறையில் குந்த முடியாது. நடுவில் துளையிட்ட மர நாற்காலி ஒன்றை அங்குள்ள தச்சரிடம் செய்யச் சொல்லி இப்போதே எழுதிவிடுங்கள். இரவுக்குப் படுக்கைக்குப் பக்கத்திலேயே மூடியுள்ள வாளி இருக்கட்டும். கூச்சப்பட வேண்டாம், இடுப்பு எலும்பு முறிவதைவிட வாளி நல்லது.

நர்ஸ் என்று தெரிந்தால் வாசலில் கூட்டம் நிற்கும். உகாண்டா நர்ஸ் கவுன்சிலில் பதிவு இல்லாமல் ஊசி போடவோ, பிரசவம் பார்க்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. சட்டத்தைவிடப் பெரியது உங்கள் உயிருக்குள்ள ஆபத்து. குலுவுக்கு அருகே லாக்கோர் மருத்துவமனையை வளர்த்த கோர்த்தி தம்பதியில் டாக்டர் லூசில், அறுவை சிகிச்சையின்போது தொற்றிய எச்.ஐ.வி.யால் 1996இல் இறந்தார். அங்கேயே 2000ஆம் ஆண்டு எபோலாவில் டாக்டர் மேத்யூ லுக்வியா உயிர் விட்டார். அவர்கள் பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் இருந்தவர்கள். நீங்கள் கைகழுவக் கற்றுக்கொடுங்கள், ஓ.ஆர்.எஸ். கலக்கிக் காட்டுங்கள், நோயாளியை லாக்கோருக்கு அனுப்புங்கள். ரத்தத்தைத் தொடாதீர்கள்.

காப்பீடு, மகள், திரும்பும் நாள்

சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் 180 நாளோடு முடியும், பழைய நோயையும் சேர்க்காது. நீண்டகாலத் தங்கலுக்கானதை வாங்குங்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கை தள்ளுபடியாகும். விமானத்தில் நைரோபிக்குக் கொண்டுசெல்லும் செலவு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். நைரோபியிலிருந்து இயங்கும் அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையில் சந்தா கட்டிச் சேரும் திட்டம் உண்டு. வயது வரம்பை விசாரியுங்கள். கம்பாலாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் இறங்கிய வாரமே பெயர் பதியுங்கள்.

மகளிடம் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலாகவில்லை. அவள் கேட்டது ஏற்பாட்டைப் பற்றி. மூவரும் உட்கார்ந்து, எந்த நிலை வந்தால் திரும்புவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத கால் புண். அடுத்தவர் உதவியின்றி மீள முடியாத தாழ்சர்க்கரை, ஒருமுறை வந்தாலும். நெஞ்சுவலி. காரணமில்லாமல் ஐந்து கிலோ எடை குறைவு. இருவரில் ஒருவர் "என்னால் முடியவில்லை" என்று சொல்வது, அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. இரண்டு பேரின் திரும்பும் டிக்கெட்டுக்கான பணம் தனிக் கணக்கில், மகளின் கையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை சர்க்கரை, பிரஷர், எடை மூன்றையும் அவளுக்கு அனுப்புங்கள். மருந்துச் சீட்டு, காப்பீடு, உயில் நகல்களும் அவளிடம் இருக்க வேண்டும். அங்கேயே மரணம் நேர்ந்தால் அடக்கம் அங்கேயா, உடலை ஊருக்குக் கொண்டுவருவதா என்பதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். பேசக் கடினமான விஷயம்தான், ஆனால் அந்த நாளில் அவள் தனியாக முடிவெடுக்க வைக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: ஐயாவுக்கு விழித்திரை, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், ஈ.சி.ஜி., டிரெட்மில், பாத உணர்வுச் சோதனை, பி12. உங்களுக்குத் தைராய்டு, எலும்பு அடர்த்தி, முழங்கால் எக்ஸ்ரே. இருவருக்கும் பல் மருத்துவர், ஏனென்றால் குலு பக்கத்துக் கிராமத்தில் நள்ளிரவில் வரும் பல்வலிக்கு மாத்திரையைத் தவிர வேறொன்றும் இராது. முடிவுகளோடு பேனா இன்சுலினுக்கு மாறி, மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள். டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.